நாய் என்று நான் எழுதவில்லை

ஒரு நேர்மையான மனிதனை ஊரார் முன்னால் பொய்யனாக்கியவன் நான். பொய் என்னுடையது, பழி அவருக்குப் போனது. அவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டபோது பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். உண்மையை ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னேன்.

அந்த நாட்களில் அவரை நான் 'அவன்' என்றுதான் சொல்வேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். இதனால் ஒன்றும் சரியாகிவிடப் போவதில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பணியாளர் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். யாருக்கு மெமோ கொடுப்பது, யாரை விசாரணைக்கு அழைப்பது என்பதெல்லாம் என் மேசையில்தான் முடிவாகும். போலி மருத்துவச் சான்றிதழ் கொடுத்து விடுப்பு எடுத்தவர்களைப் பிடிப்பதில் எனக்குப் பெயர் உண்டு. டாக்டரின் முத்திரையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்படிச் சிலர் வேலையை இழந்தார்கள். அதில் எனக்கு அன்று பெருமைதான்.

அவர் அதே ஆலையில் கிரேன் ஓட்டுபவர். காய்ந்து சிவந்த இரும்பின் மேலே, கூரைக்குக் கீழே தொங்கும் கூண்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவர். என்னிடம் ஒருமுறைகூட விசாரணைக்கு வந்ததில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் சாலையில் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கித்தான் வணக்கம் சொல்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஓய்வுக்குப் பிறகு நான் பலருக்கும் மனு எழுதிக் கொடுத்துவந்தேன், அதனால் வந்தார்கள். மகளுக்கு அப்போது பதினோரு வயதிருக்கும். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். அவள் டம்ளரை எடுத்ததும் அம்மாவின் கை தானாகவே டம்ளருக்குக் கீழே போனது. அவள் குடித்து முடிக்கும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது.

"சின்ன வயசுலேர்ந்து வலிப்பு சார். மாத்திரை போட்டுக்கினுதான் கீறோம். கொறஞ்சிக்கீது, ஆனா நிக்கல" என்றார் அம்மா. மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், வயர் கம்பெனியில் பார்த்த வேலையை அவர் விட்டிருந்தார்.

"பாத்ரூம் கதவ சாத்த வுட மாட்டேங்குது சார் எங்கம்மா" என்றாள் மகள் திடீரென்று. "நான் இன்னா குழந்தயா?"

"சும்மா இருடி" என்றார் அம்மா. அப்பா தரையைப் பார்த்தார்.

சென்னை ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர், இந்த நோயுள்ள பிள்ளைகளுக்குத் துணையாகப் பழக்கப்பட்ட நாய்கள் உண்டு என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். பெங்களூருக்கு வெளியே ஒருவர் பழக்கிக் கொடுக்கிறாராம். செலவு அவர்களால் தாங்க முடியாதது. வசூல் செய்ய வேண்டும், அதற்கு ஒரு நல்ல விண்ணப்பம் வேண்டும்.

"நாய் என்ன பண்ணும்?" என்று கேட்டேன்.

"வலிப்பு வரப் போறத முன்னாடியே சொல்லும்னு பழக்கறவரு சத்தியம் பண்ணல சார். வந்தா கொலைக்கும். ஆள் வர்ற வரைக்கும் கொலச்சினே இருக்கும். பக்கத்துல படுத்துக்கும்" என்றார் அப்பா.

"கொலைக்கறதுக்கா இவ்வளவு செலவு? நம்ம தெருவுல இருக்கறதெல்லாம் சும்மாவே கொலைக்குதே!"

அப்பா மரியாதைக்காகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "அதுங்க நம்மளப் பாத்துக் கொலைக்குது சார். இது நமக்கோசரம் கொலைக்கும்" என்றார்.

எங்கள் பகுதியில் கேட் வசூல் என்று ஒன்று உண்டு. சம்பளம் வந்த மறுநாள், ஷிப்ட் மாறும் நேரத்தில், ஆலை வாசலில் இரண்டு பேர் துண்டை விரித்துப் பிடித்து நிற்பார்கள். பக்கத்தில் ஒரு அட்டை இருக்கும். இப்போதெல்லாம் போனில் பணம் அனுப்புகிற படமும் அதில் ஒட்டியிருக்கும். வேலை முடிந்து வருகிறவன் நின்று அட்டையைப் படிக்க மாட்டான். வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஒரே ஒரு சொல்லைத் தேடுவான். சாவு என்ற சொல்லைக் கண்டால் கை பைக்குள் போகும். ஆபரேஷன் என்ற சொல்லைக் கண்டாலும் போகும். வேறு எந்தச் சொல்லுக்கும் போகாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். என் அறையின் ஜன்னல் அந்த வாசலைப் பார்த்துத்தான் இருந்தது.

"நாய்னு எழுதினா ஒருத்தனும் குடுக்க மாட்டான். ஆபரேஷன்னு போடுவோம்" என்றேன்.

அப்பா தயங்கினார். "ஆபரேஷன் இல்லியே சார்."

"வைத்தியத்துக்குத்தானே? எல்லாம் ஒண்ணுதான்."

அம்மா கைகூப்பினார். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. "நாயின்னே போடுங்க சார். குடுக்கறவங்க குடுக்கட்டும், சிரிக்கறவங்க சிரிச்சிட்டுப் போவட்டும்."

"நீ இரும்மா. கேட்ல வர்றவனப் பத்தி உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

"சார் சொன்னா கரெக்டாதான் இருக்கும்" என்று அப்பா அதை முடித்துவைத்தார்.

'வலிப்பு நோயால் வாடும் சிறுமிக்கு மூளையில் ஆபரேஷன்.' ஆபரேஷன் என்ற சொல்லைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதினேன். கீழே மகளின் புகைப்படம். அதற்கும் கீழே, ஓய்வு பெற்ற அதிகாரி என்று போட்டு என் கையெழுத்து. அது இருந்தால் நம்புவார்கள் என்று நானே சொல்லிப் போட்டேன். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்குத் திருப்தியாக இருந்தது.

எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வசூலானது. மற்ற ஆலைகளின் வாசலிலும் நின்றார்கள். தமிழே தெரியாத ஒடிசாக்காரத் தொழிலாளிகள், புகைப்படத்தைப் பார்த்துவிட்டுப் போட்டார்கள். அம்மாவோடு வயர் கம்பெனியில் வேலை பார்த்த பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் தனியாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். அருகிலிருந்த ஒரு சபையின் போதகர் ஞாயிறு ஆராதனையில் சொல்லிக் காணிக்கை எடுத்துக் கொடுத்தார். ஆபரேஷன் எந்தத் தேதி என்று சொன்னால் அன்றைக்கு உபவாச ஜெபம் வைப்பதாகவும் சொன்னார்.

அப்பா என்னிடம் ஓடிவந்தார். "தேதி கேக்கறாங்க சார். எனக்கு ரொம்பப் பேஜாராக் கீது."

"டாக்டர் இன்னும் தேதி குடுக்கலன்னு சொல்லு" என்றேன். அந்தப் பொய்யையும் நானே யோசித்துக் கொடுத்தேன்.

நாய் வந்தது. மணல் நிறத்தில் ஒரு லேப்ரடார் பெட்டை. பயிற்சியாளர் கூடவே வந்து சில நாள் தங்கி, வீட்டாரையும் நாயையும் பழக்கிவிட்டுப் போனார். ஒரு மதியம் அம்மா எதிர்க்கடையில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தபோது மகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது. நாய் குரைத்துத் தெருவையே கூட்டிவிட்டது. அம்மா எனக்குப் போன் செய்தார். "சார், கொலச்சிச்சு சார்! கொலச்சிச்சு!"

ஒருநாள் நானே போய்ப் பார்த்தேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. கதவுக்குக் கீழே இருந்த இடுக்கில் மூக்கை வைத்து நாய் படுத்திருந்தது. உள்ளே மகள் உரக்கப் பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் எனக்குக் காபி கலந்தார். அந்தக் குடும்பத்தை நான் அப்படிப் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பேச்சு டீக்கடையில் ஆரம்பித்தது.

"இன்னாபா, மூளையில ஆபரேஷன்னாங்க, நாய் வந்து எறங்கிக்கீது?"

"பொண்ணுக்கு ஒரு மொட்டகூட அடிக்கல. தையலும் இல்ல. நாய்க்குப் பண்ணாங்களோ இன்னாவோ!"

"மொதலாளி ஊட்ல கீதே, அதே ஜாதி நாய் நைனா. நம்ம டப்புல அவன் மொதலாளி ஆயிட்டான்."

நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சில நாளில் தெருப் பிள்ளைகள் அந்த நாய்க்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மகள் அதை நடத்திக்கொண்டு வந்தால், "ஆபரேஷன் வருது, ஆபரேஷன் வருது" என்று கத்துவார்கள்.

பிறகு கூட்டம் கூட்டினார்கள். தொழிற்சங்கக் கொட்டகையில், காலை ஷிப்ட் விட்ட பிறகு. வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. உருட்டாலையில் வேலை செய்யும் ஒருவர் எழுந்து பேசியது இன்றும் காதில் இருக்கிறது. "எங்கம்மா கண்ணு ஆபரேஷனுக்கு எடுத்து வெச்சிருந்ததுலேர்ந்து போட்டேன். ஆபரேஷன்னா இன்னான்னு எனக்குத் தெரியும், அதனாலதான் போட்டேன். நாய்க்குன்னு தெரிஞ்சா போட்டிருப்பனா?"

அட்டையில் என் கையெழுத்து இருந்ததால் என்னையும் அழைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். அப்பா நின்றார்.

"சார், நீங்க பெரிய மனுசன். அட்ட எழுதனது நீங்கதான? நாய் விசயம் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டார் சங்கத்துக்காரர் ஒருவர்.

கொட்டகையின் ஓரத்தில் ஒருவர் தூணில் சாய்ந்து நின்றார். மஞ்சள் காமாலை என்று போலிச் சான்றிதழ் கொடுத்ததற்காக நான் வேலையிலிருந்து நீக்கியவர். இப்போது பழ வண்டி தள்ளுகிறார். என் பதிலுக்காக அவர் காத்திருந்தது தெரிந்தது. அவருக்கு முன்னால், பொய் எழுதியவன் நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அவன் சொன்னத எழுதிக் குடுத்தேன். நாய் பத்தி எனக்குத் தெரியாது."

எல்லோரும் அப்பா பக்கம் திரும்பினார்கள். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்னிடமிருந்து ஏதோ உத்தரவை எதிர்பார்ப்பதைப் போல இருந்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஆமா, நான்தான் அப்படி சொன்னேன். சாருக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

பணத்தைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவானது. நாயைப் பயிற்சியாளர் திரும்ப எடுத்துக்கொண்டு, தன்னால் முடிந்ததைக் கொடுத்தார். மீதிக்கு அப்பா கடன் வாங்கினார். நாய் போன நாளில் நான் அந்தப் பக்கம் போகவில்லை. நாய் வண்டியில் ஏற மறுத்ததாம். மகளை முதலில் ஏற்றி உட்கார வைத்தார்களாம். அவள் பின்னாலேயே அதுவும் ஏறியதாம். அதன் பிறகு மகளை இறக்கிவிட்டார்களாம்.

மகள் கதவைச் சாத்திக் குளிக்கப் பழகியிருந்தாள். நாய் போன பிறகும் சாத்தினாள். அம்மா கத்தினால் உள்ளிருந்து தாழ்ப்பாளையும் போட்டாள். அப்படி ஒரு காலையில் உள்ளே விழுந்தாள். குழாயில் மோதி முன்பல் உடைந்தது, தாடை கிழிந்தது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து கதவை உடைத்துத்தான் அவளை வெளியே எடுத்தார். அந்தக் கதவை அவர்கள் திரும்ப மாட்டவில்லை. ஒரு பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

டீக்கடையில் ஒருவர் இதை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "தாடையில ஆறு தையலாம் சார். இப்பதான் ஆபரேஷன் ஆயிக்கீது" என்றார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டேன் என்பது சில நொடி கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

இரண்டு மாதத்தில் அவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். திருவள்ளூர் பக்கம், செவ்வாப்பேட்டையில் வாடகைக்கு வீடு பிடித்திருப்பதாகவும், அங்கே ஏதோ சின்னக் கம்பெனியில் ஒப்பந்த வேலை என்றும் கேள்விப்பட்டேன். ஆலையின் நிரந்தர வேலையை அவர் தானாகவே ராஜினாமா செய்துவிட்டார். கேன்டீனில் யாரும் அவர் உட்கார்ந்த மேசையில் உட்காரவில்லையாம்.

அடுத்த சம்பளத்துக்கு மறுநாள் நான் ஆலை வாசலில் போய் நின்றேன். தனியாக. துண்டின் ஒரு முனையைக் கிரில் கம்பியில் கட்டிவிட்டு மறுமுனையை நானே பிடித்துக்கொண்டேன். அட்டையில் இப்படி எழுதியிருந்தேன்: 'ஆபரேஷன் என்று எழுதியது நான். நாய் என்றே எழுதச் சொன்னார்கள், நான் எழுதவில்லை. கூட்டத்தில் தெரியாது என்று பொய் சொன்னேன். இந்தச் சிறுமிக்கு வலிப்பு. துணைக்கு நாய் வேண்டும்.' பழைய அட்டையிலிருந்த மகளின் புகைப்படத்தைக் கிழிக்காமல் எடுத்து இதில் ஒட்டியிருந்தேன். நடந்ததை வாயாலும் சொன்னேன். என் குரல் ஆலைச் சத்தத்தில் எடுபடவில்லை.

"பெருசுக்கு மறை கழண்டுடுச்சு" என்றான் ஒருவன்.

"அவன் எதனா குடுத்துப் பேசச் சொல்லியிருப்பான்" என்றான் இன்னொருவன்.

பலர் நின்று போனில் படம் பிடித்தார்கள். பழ வண்டிக்காரர் வந்து முழுவதையும் படித்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக வைத்திருந்ததைக் கொடுத்த தொழிலாளி வண்டியை நிறுத்தி இறங்கினார். படித்தார். கெட்ட வார்த்தையில் என்னைத் திட்டினார். திட்டிக்கொண்டே சட்டைப் பையில் கையை விட்டுத் துண்டில் போட்டார்.

பல ஆலைகளின் வாசலில் நின்றேன். சேர்ந்தது கொஞ்சம்தான். மீதியை என் சேமிப்பிலிருந்து போட்டேன். பயிற்சியாளரிடம் பேசினேன். பழைய நாயை வேறு ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதைத் திருப்பிக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. புதிதாக ஒன்றைப் பழக்கித் தருவதாக ஒப்புக்கொண்டார். பணம் கட்டிவிட்டு, அந்தச் செய்தியோடு செவ்வாப்பேட்டைக்கு ரயிலேறினேன்.

போகும் வழியெல்லாம் அவர்களிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர்கள் அழுவார்கள் என்றும், நான் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்றும்கூட நினைத்திருந்தேன்.

அம்மா வாசற்படியிலேயே என்னை நிறுத்தினார். அவர் கையில் போன் இருந்தது. அதில் என் அட்டையின் படம். செல்போனில் குழுவுக்குக் குழு தாவி, மகளின் புதுப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவரை வந்திருந்தது.

"இது நீங்க எழுதனதுதான?"

"ஆமாம்மா. உண்மையெல்லாம் எழுதிட்டேன்."

"அன்னிக்கு நெஜத்த எழுதுங்கன்னு கும்புட்டேன், எழுதல. இங்க வந்து டீச்சரத் தவுர ஒருத்தர் கிட்டயும் வலிப்புன்னு மூச்சு வுடல. இப்பதான் புள்ள ரெண்டு பேர சிநேகம் புடிச்சிது. நேத்து அதுல ஒரு பொண்ணோட அம்மா வந்து பெஞ்ச மாத்துங்கன்னு கேக்குது. இப்ப எவன் சார் உங்கள எழுதச் சொன்னான்? எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா?"

நாய்க்குப் பணம் கட்டியிருப்பதைச் சொன்னேன்.

"உங்க மனசு ஆறணும்னாலும் எம் பொண்ணு மூஞ்சியதான் ஒட்டணுமா?" என்று கேட்டார். நாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். மகள் சன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். வாயை மூடியே வைத்திருந்தாள்.

அப்பா என்னோடு ஸ்டேஷன்வரை நடந்து வந்தார். "மனசுல வெச்சிக்காதீங்க சார். அது அப்படித்தான் பேசும்" என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நின்று, அன்று கூட்டத்தில் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"இன்னா சார் சொல்றது. நீங்க ஒக்காந்துனு இருந்தீங்க, நான் நின்னுனு இருந்தேன். பழக்கம்தான்."

ரயில் வந்தது. நாயை ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டேன். வீட்டில் பேசிச் சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை. நான் அழைத்தால் அவர் போனை எடுப்பதில்லை.

பயிற்சியாளர்தான் அவ்வப்போது அழைக்கிறார். குட்டி நன்றாகத் தேறிவருகிறதாம். இனி அந்தப் பெண்ணின் வாசனைக்கும் குரலுக்கும் பழக வேண்டும், அவளை ஒருமுறையாவது கூட்டி வாருங்கள் என்கிறார். போன வாரம் அவருக்காக மறுபடியும் அந்த எண்ணுக்கு அழைத்தேன். மகள் எடுத்தாள்.

"அம்மா கடைக்குப் போயிக்கீது" என்றாள். பல் போன இடத்தில் காற்று வருவது பேச்சில் தெரிந்தது. நாயைப் பற்றிச் சொன்னேன்.

"எங்க பழைய நாயா?"

"இல்லம்மா. அது இப்ப ஒரு பையன்கிட்ட இருக்கு."

"அவன் வுழுந்தா கொலைக்குதா?"

"கொலைக்குதாம்."

அவளுக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யார் போன்ல என்று அம்மா கேட்டார். "ராங் நம்பர்" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

பயிற்சியாளர் அடுத்த மாதம்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் காத்திருக்கும் குடும்பங்கள் வேறு இருக்கின்றன.